இருபது நானோசெக்கன்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். தனுஜா எங்கள் ஸ்டோருக்கு முதன்முதலில் வந்த அன்று மழை பெய்ததாக என் நினைவு சொல்கிறது. அவள் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்ததாகவும் அதே நினைவுதான் சொல்கிறது. இயந்திரங்களைக் கழற்றிவிட்ட பெரிய அறையின் நடுவில் நின்று இருவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம் என்பது மட்டும் நிச்சயம். அதுவும் யோசித்துப் பார்த்தால், பேசாமல் இருந்தது நான் மட்டுமாக இருக்கலாம்.

ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்தில் யாரும் அதை வேறு பெயரால் அழைப்பதில்லை. எங்களுடையது பதுளைக்குப் பக்கத்து நமுனுகுல மலைச் சரிவில், மேல் டிவிஷன் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கு லொறியில் அனுப்பத் தொடங்கியதும் அதை மூடினார்கள். நான் அங்கே டீமேக்கராக இருந்தவன். தயாரிக்கத் தேயிலை இல்லாமல் போன பிறகு, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கம்பனி என்னை வைத்துக்கொண்டது. திருடக்கூடியதை எல்லாம் கம்பனியே விற்றுவிட்டதால் வேலை கடினமாக இல்லை. நான் புத்தகம் படித்தேன். யாரும் வரமாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

தனுஜா மேல் டிவிஷன் லயத்தில் பிறந்தவள். அவளுடைய தாய் விஜயலெட்சுமி அப்போதும் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மகள் பௌதிகவியல் படித்து, கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வுக்கு இடம் தேடி வந்திருந்தாள். இடம் உயரத்தில் இருக்க வேண்டும், கூரை தகரமாக இருக்க வேண்டும், தரை பெரும் பாரத்தைத் தாங்க வேண்டும், ஆள் நடமாட்டம் கூடாது.

"இவ்வளவும் சேர்ந்த எடம் வேற கெடைக்கல டீமேக்கர் ஐயா," என்றாள். எங்கள் ஸ்டோரை யாரும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

அவள் விளக்கியதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். வானத்தின் உயரத்திலிருந்து மியூவோன் என்ற துகள்கள் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கின்றன. மியூவோன் இலத்திரனைப் போன்றது. ஆனால் பாரமானது, ஆயுள் மிகக் குறைந்தது. நம்முடைய தலை வழியாகவும் போகிறது, நமக்குத் தெரிவதில்லை. வேகம் குறைந்த சில மியூவோன்கள் உலோகத்துக்குள் நின்றுவிடும். நின்றது ஓர் அணுவுக்குள் இறங்கி அதன் கருவைச் சுற்றும். பிறகு தானாகவே சிதையும், அல்லது கரு அதைப் பிடித்து விழுங்கிவிடும். விழுங்குவது பெரும்பாலும் வெளியே தெரியாமல் நடந்துவிடுகிறது. லட்சத்தில் ஒன்றிரண்டு தடவை மட்டும், விழுங்கும்போது கருவிலிருந்து சக்தி மிகுந்த ஒரு காமாக் கதிர் புறப்படும். தனுஜாவின் வேலை அந்தக் கதிரை எண்ணுவது. வெளிநாடுகளில் மியூவோன்களைப் பெரிய இயந்திரங்களில் உண்டாக்கி எண்ணுகிறார்கள். இவள் வானத்திலிருந்து சும்மா விழுவதை வைத்து எண்ணப் பார்த்தாள்.

"வருசத்துக்கு எத்தனை கெடைக்கும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லா நடந்தா நாலஞ்சு."

"நாலஞ்சு ஆயிரமா?"

"நாலஞ்சு."

எனக்கு அந்தப் பெண்மீது மரியாதை உண்டானது அப்போதுதான்.

கட்டடத்தை ஹோட்டல் கட்டும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுப்பதென்று கம்பனி ஏற்கனவே முடிவு செய்திருந்தது. கையளிக்கும் நாள் வரைக்கும்தான் அவளுக்கு அனுமதி. அதற்குள் அளந்து முடித்தால் பட்டம். முடிக்காவிட்டால், வேறு இடமும் இல்லை, வேறு உதவிப்பணமும் இல்லை, திரும்பவும் மாணவியாக இருக்க வயதும் இல்லை. இதை அவள் சாப்பாட்டு நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

இன்னொன்றையும் சொன்னாள். உலோகத்துக்குள் நின்ற மியூவோன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பது ஒவ்வொரு மூலகத்துக்கும் வேறு வேறு. அலுமினியத்தில் அது சராசரியாக எண்ணூற்று அறுபத்து நான்கு நானோசெக்கன். நானோசெக்கன் என்பது ஒரு செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு.

"இந்த எண் வந்தாத்தான் நான் பாக்குறது அலுமினியம்னு அர்த்தம். வரலைன்னா அந்த நாலஞ்சு கதிரையும் ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

அந்த நாலஞ்சையும் கடைசி நாள்வரை பார்க்கக் கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். முன்னதாகப் பார்த்துவிட்டால், விரும்பிய விடை வரும்படி மனம் கணக்கைத் திருத்திவிடுமாம். அதனால் கணினி அதை மூடிவைத்திருக்கும். நான் படித்த எந்த மதத்திலும் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை.

கருவிகள் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று கழித்துவிட்டவை. காமாக் கதிரை உணரும் கண்ணாடிக் கட்டிகள், மியூவோனை உணரும் கறுப்புத் தாள் சுற்றிய பலகைகள், வயர்கள். அலுமினியம்தான் வரவில்லை. நாட்டில் டொலர் இல்லாத காலம் அது. தகடுகளை இறக்குமதி செய்ய அனுமதி கிடைக்கவில்லை. தனுஜா சில மாதங்கள் காத்திருந்தாள். பிறகு மேல் டிவிஷன் மாதர் சங்கத் தலைவி கருப்பம்மாவிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஒனக்கு என்னாடி வேணும், அலுமினியமா?" என்றார் கருப்பம்மா. "பொன்னு கேட்டேன்னா யோசிப்பேன். எங்க லயத்துல அலுமினியத்துக்கு என்னா கொறைச்சல்."

"ஓட்டைச் சட்டி இருந்தாக்கூடப் போதும் பெரியம்மா."

"ஓட்டையக் குடுத்து நாளைக்கி ஒன் மிசினு ஓடலன்னா எங்க பேருல்ல கெடும்? நல்ல சட்டியாவே குடுக்கச் சொல்றேன். ஆமா, அந்தத் துகளு கடிக்குமா?"

"கடிக்காது பெரியம்மா."

"அப்ப எதுக்கு அதப் புடிக்கிற?"



வீட்டுக்கு ஒன்றாகச் சட்டிகளும் குண்டான்களும் வந்தன. எல்லாம் மூடியோடு, துணியால் இறுக்கிக் கட்டி, பொட்டு வைத்து வந்தன. ஒன்றில் கல்யாணத் திகதி வெட்டியிருந்தது. சட்டிகளை அப்படியே அடுக்கினால் இடையில் காற்று அதிகம். கட்டிகளாக அழுத்த வேண்டும். பதுளை டவுனில் பழைய உலோகம் வாங்கி விற்கும் மொஹிதீன் நானாவிடம் அதற்கான பிரஸ் இருந்தது. அவரே லொறியோடு வந்தார். மாதிரிக்கு இரண்டு சட்டிகளின் வெளி விளிம்பில் துண்டு வெட்டி எடுத்துக்கொண்ட தனுஜா, மற்றவற்றைக் காட்டி அவரிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

"நானா, வந்தது வந்தபடியே அழுத்தணும். எதையும் வெளிய எடுக்கக் கூடாது. எதையும் உள்ள சேக்கக் கூடாது. ஒரு ஆணி கூட."

"ஒன்டுமே எடுக்கப்படாதா?"

"ஒண்ணுமே."

"எதுவா ஈந்தாலும்?"

"எதுவா இருந்தாலும் நானா."

"சரி மகள். நீங்க சென்னபடியே செஞ்சி தாரேன்."

அவர் யார்டில் பித்தளையும் இரும்பும் கலந்து கிடப்பதைப் பார்த்த பயத்தில் அவள் அப்படிச் சொன்னாள். மாதிரித் துண்டுகள் சோதனைக்குப் போய், ஏறத்தாழச் சுத்த அலுமினியம் என்று பதில் வந்தது. அழுத்திய கட்டிகளும் வந்தன. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தெரியாத சாம்பல் நிறக் கட்டிகள். அவற்றை அடுக்கி, மேலும் கீழும் பலகைகளை வைத்து, சுற்றிலும் கண்ணாடிக் கட்டிகளை நிறுத்தி அளக்கத் தொடங்கினாள்.

அளப்பது என்றால், பார்க்கிறவனுக்கு ஒன்றும் நடக்காது. ஒரு விசிறி சுழலும். திரையில் ஓர் எண் கூடும். அவள் கணினிக்கு முன்னால் இருப்பாள், நான் ஜன்னலோரம் புத்தகத்தோடு இருப்பேன். இருவரும் பேசாமலே ஒரு பகல் போய்விடும். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை. லயத்துப் பக்கம் போனால் மட்டும் விசாரிப்பார்கள். "புடிபட்டுருச்சா ஐயா?" என்பார்கள், சிறுத்தைக்குக் கூண்டு வைத்ததுபோல. "இன்னும் இல்ல" என்பேன். "தீனி என்னா வெக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

சில வாரங்களில் தனுஜாவின் முகம் மாறியது. எண் வந்துவிட்டது. எண்ணூற்று நாற்பத்து நான்கு.

"இருபது கொறையுது," என்றாள்.

நூறு கோடியில் இருபது பங்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதை முகத்தில் காட்டாமல் இருந்தேன்.

"கூடக் கொஞ்ச நாள் அளந்தா சரியாயிடாதா?"

"அளக்க அளக்க இந்த இருபதுதான் உறுதியாகும் ஐயா."

அப்படித்தான் ஆனது. அவள் கடிகார மின்சுற்றை மாற்றினாள், வயர்களை மாற்றினாள், வயர்களைப் பழைய இடத்துக்கே மாற்றினாள். கணக்கைத் திரும்ப எழுதினாள். அவளுடைய மேற்பார்வையாளர் பேராசிரியர் ஹஸீப் பண்டாரவளைக்காரர், கொழும்பில் இருந்தார். வாரம் ஒருமுறை தொலைபேசியில் வருவார்.

"எங்கயோ ஒரு பிழை இருக்கு," என்பார்.

"ஆமா சேர்."

"அத கண்டுபிடிங்க."

"சரி சேர்."

இதுவும் ஒருவகை உதவி என்று அவள் சொன்னாள். அவர்களிடம் வேறு அலுமினியம் இல்லை. ஆகவே அளவீடு ஓடிக்கொண்டே இருந்தது. மூடிவைத்த கதிர்களும் உள்ளே சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு வருடத்துக்கு மேல் அந்த இருபதை அவள் எல்லா இடத்திலும் தேடினாள். கட்டிகளுக்குள் மட்டும் தேடவில்லை. அவைதான் சுத்தம் என்று எழுத்தில் வந்திருந்ததே.

அதற்குப் பின் வந்த சித்திரை மழையில் மூடுபனி ஸ்டோருக்குள்ளேயே வந்து நின்றது. கீழ்ப் பலகையின் மின்சாரம் அடிக்கடி அறுந்தது. ஒரு காலையில் தனுஜா டோர்ச்சோடு அடுக்குக்குக் கீழே படுத்து நகர்ந்தாள். கட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டியிருந்தது. கூரை ஒழுகவில்லை. கட்டிகளின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அவள் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்படியே படுத்திருந்தாள்.

"என்னா?" என்றேன்.

விரலை நீட்டினாள். நானும் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

அலவாங்கு என்கிற கடப்பாரையால் ஒரு கட்டியைப் பிளந்தோம். நசுங்கிய சட்டிக்குள் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் உப்பு. அடுத்த சட்டியில் பைக்கட்டோடு உப்பு. அடுத்ததில் மஞ்சள் துண்டும் சேர்த்து உப்பு. நான்காவது கட்டிக்கு மேல் நாங்கள் பிளக்கவில்லை.

விஜயலெட்சுமி மலையிலிருந்து இறங்கி, கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீ குடுத்த சட்டிக்குள்ள உப்பு வெச்சியா?"

"வெக்காம?"

"ஏம்மா?"

"வெறுஞ்சட்டியவா குடுப்பாங்க? குடுக்கிற வீட்டுக்கும் ஆகாது, வாங்குற வீட்டுக்கும் ஆகாது. நீ மட்டும் என்னா, அடுத்த காம்பரா வீட்டுக் கிண்ணத்தத் திருப்பிக் குடுக்கிறப்ப ஒரு கரண்டி சீனியாச்சும் போடாமலா குடுப்ப?"

தனுஜாவும் போட்டுத்தான் கொடுப்பாள். முந்திய வாரம்கூட எனக்கு அப்படித்தான் ஒரு டப்பாவைத் திருப்பித் தந்திருந்தாள்.

"ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்," என்றார் தாய்.

"தெரியும்மா."

"ஏன், எங்களால ஏதும் கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. கெடல."

மொஹிதீன் நானாவிடம் அவள் தொலைபேசியில் கேட்டபோது ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உப்பு ஈந்திச்சி தான் மகள்," என்றார் அவர் நிதானமாக. "எல்லாத்திலயும் ஈந்திச்சி."

"ஏன் நானா எனக்குச் சொல்லல?"

"ஒன்டுமே எடுக்கப்படாதுன்டு நீங்க தானே சென்னீங்க. நான் ரெண்டு தரம் கேட்டேனே. எதுவா ஈந்தாலும் என்டீங்க."

"உப்புன்னு நான் நெனைக்கல நானா."

"எங்கட யார்டுக்கு விக்கிற சட்டில யாரும் உப்பு வெக்கிறல்ல. இது குடுத்த சட்டி. குடுத்ததில நான் கை வெச்சி எடுத்தா சரியா, சொல்லுங்க."

அவள் சரியில்லை என்றாள். அவர் வாப்பாவின் உடம்புக்கு எப்படி என்று விசாரித்தாள். வைத்துவிட்டாள்.

உப்பு என்றால் சோடியமும் குளோரீனும். குளோரீனின் கரு மியூவோனை அலுமினியத்தைவிட அவசரமாக விழுங்குகிறது. அந்த இருபது அங்கேதான் போயிருந்தது. ஆனால் எவ்வளவு உப்பு என்று தெரியாமல் கணக்கைத் திருத்த முடியாது. எல்லாக் கட்டிகளையும் பிளந்து, கழுவி, மறுபடி அழுத்தி, மறுபடி அளக்கக் காலமும் இல்லை. கட்டடத்தைக் கையளிக்க அந்த வருட முடிவுவரைதான் இருந்தது. கொடுத்தவர்களிடமே கேட்கலாம் என்று அவள் முடிவு செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்தில், அதாவது மலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் கூடத்தில், பெண்கள் கூடினார்கள். நாட்டில் உப்புக்குத் தட்டுப்பாடு வந்திருந்த வாரங்கள் அவை. கடைகளில் உப்பு இல்லை. தனுஜா மெதுவாக, யாருடைய மனமும் நோகாமல், அவரவர் சட்டியில் எவ்வளவு உப்பு வைத்தார்கள் என்று கேட்டாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் ஒரு பைக்கட்டு," என்றார் கருப்பம்மா. "முழுசா."

"ஒண்ணா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "தலைவி ஒண்ணுதானா? நான் ரெண்டு வெச்சேன்."

"எனக்கும் ரெண்டுதான். உடைக்காத பைக்கட்டு."

"மூணு," என்றார் கதவோரம் நின்ற ஒருவர்.

"ஒன் சட்டிக்குள்ள மூணு எங்கடி போகும்? அது பால் காச்சுற சட்டி."

"அமுக்கி வெச்சேன்."

கருப்பம்மா தன்னுடையதை யோசித்துப் பார்த்து, ஒன்று அல்ல, மூன்றாகத்தான் இருக்கும் என்றார். "இங்க உப்பில்லாம கஞ்சி குடிக்கிறோம். அங்க மூட்டை மூட்டையா வெச்சிக்கிட்டு எவ்வளவுன்னு எங்ககிட்ட கேக்குற," என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக விஜயலெட்சுமியின் முறை வந்தது. அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல், "நாலு," என்றார்.

ஸ்டோருக்குத் திரும்பித் தனுஜா கூட்டிப் பார்த்தாள். அவர்கள் சொன்ன உப்பின் எடை, உப்பும் சட்டியும் சேர்ந்த கட்டிகளின் எடையைவிட அதிகமாக இருந்தது.

"எங்க வீட்டுல ஒரே நேரத்துல நாலு பைக்கட்டு உப்பு இருந்ததே இல்ல," என்றாள்.

அன்று மாலை கணினியைத் திறந்து, ஒரு வருடமாக ஒரே மூலகம் என்று எண்ணிப் போட்ட கணக்கை, மூன்று மூலகங்கள் என்று வைத்துப் போட்டாள். அலுமினியத்துக்கு ஒரு நேரம், சோடியத்துக்கு ஒன்று, குளோரீனுக்கு ஒன்று. எல்லாம் ஏற்கனவே அளக்கப்பட்டவை. எது எவ்வளவு என்பதை மட்டும் மியூவோன்களே சொல்லட்டும் என்று விட்டாள். சில நாட்களில் விடை வந்தது. சராசரியாக ஒரு வீட்டுக்கு அரைப் பைக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதைச் சரிசெய்ததும் அந்த இருபது நானோசெக்கன் இருந்த இடம் தெரியாமல் போனது. அரைப் பைக்கட்டு விவரத்தை அவள் லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல வேண்டாம் என்றாள்.

ஆனால் அந்த நாலஞ்சு கதிர்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு கதிர் அலுமினியக் கருவிலிருந்து வந்ததா, குளோரீன் கருவிலிருந்து வந்ததா என்று அவளுடைய கண்ணாடிக் கட்டிகளால் பிரித்துச் சொல்ல இயலாது. அலுமினியத்திலிருந்து மட்டும் வரும் கதிர்களின் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"தலைப்ப மாத்துவோம்," என்றார் பேராசிரியர் தொலைபேசியில். "இலக்குப் பொருளில் சோடியம் குளோரைட்டு மாசுன்னு ஒரு வரி போடுங்க. ஏன் வந்துச்சுன்னு எழுத வேணாம். கேக்கமாட்டாங்க."

"மாசுன்னு எழுத மாட்டேன் சேர்."

"அப்ப என்னன்னு எழுதுவீங்க?"

"உப்புன்னு."

அவர் நல்ல மனிதர், வற்புறுத்தவில்லை.

கட்டடத்தைக் கையளிப்பதற்குச் சற்று முன்னால், மூடிவைத்திருந்ததைத் திறந்தாள். என்னையும் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். திரையில் மூன்று கதிர்கள் இருந்தன. வேறு காரணங்களால் மட்டுமே இரண்டு வரலாம் என்று அவள் முன்பே கணித்து எழுதியிருந்தாள்.

"அப்ப ஒண்ணு கெடைச்சிருக்கா?" என்றேன்.

"கெடைச்சிருக்கலாம். கெடைக்காமலும் இருந்திருக்கலாம்."

"எது?"

"அதச் சொல்ல முடியாதுங்கிறதத்தான் எழுதணும்."

பரீட்சகர்களில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரை வழியாக வந்தார். உப்பு எப்படி வந்தது என்று அவர் கேட்டார். எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமையாகக் கொடுப்பதில்லை என்று தனுஜா சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டு, கீழ்ப் பலகைக்கு எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டாராம்.

தனுஜாவுக்குப் பட்டம் கிடைத்தது. அவளுடைய ஆய்வேட்டில் அலுமினியத்துக்கான கதிர் எண்ணிக்கை இல்லை. அலுமினியமும் உப்பும் சேர்ந்த கட்டிகளிலிருந்து இத்தனைக்கு மேல் கதிர் வர முடியாது என்ற ஓர் எல்லை மட்டும் இருக்கிறது. அவள் இப்போது பதுளையில் ஒரு தனியார் வகுப்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறாள். வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டும் இருக்கிறாள். விஜயலெட்சுமி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளோடு இருக்கிறார். கருப்பம்மா இன்னும் மாதர் சங்கத் தலைவிதான். பேராசிரியர் ஹஸீப் ஓய்வு பெற்றுப் பண்டாரவளைக்கு வந்துவிட்டார். மொஹிதீன் நானா கட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உப்பைக் கழுவிவிட்டு விற்றார். ஹோட்டல் பாதி கட்டி நின்றுபோனது. அதற்கும் காவல் தேவைப்பட்டது. என்னையே வைத்திருக்கிறார்கள்.